கருமுட்டை வெளிவந்த நாளைத் தெர்மாமீட்டரில் தேடுவது

குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண்கள் யாராவது என்னிடம் மனம்விட்டுப் பேச ஆரம்பித்தால், கொஞ்ச நேரத்திலேயே பேச்சு தெர்மாமீட்டருக்கு வந்துவிடும். காலையில் கண் விழித்ததும் வெப்பநிலை பார்த்து எழுதி வைக்கிறேன், எண் ஏறியிருக்கிறது, இது நல்லதா, கரு தங்கிவிட்டதா என்று கேட்பார்கள். நானும் அப்படி எழுதி வைத்தவள்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். முதலிலேயே ஒன்று. காலை வெப்பநிலை நடந்து முடிந்ததைத்தான் சொல்லும், நடக்கப் போவதைச் சொல்லாது. இது மனதில் பதிந்துவிட்டால் அந்தச் சின்னக் கருவி ரொம்பவே உதவும். பதியாவிட்டால் அதுவே தினமும் காலையில் நம்மை அழ வைக்கும்.

இரவு முழுக்கத் தூங்கி, உடம்பு முழு ஓய்வில் இருக்கும்போது உள்ள வெப்பநிலையைத்தான் அடிப்படை உடல் வெப்பநிலை, பிபிடி என்கிறார்கள். மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து கருமுட்டை வெளிவரும் வரை பெரும்பாலான பெண்களுக்கு இது 97 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி இருக்கும், சிலருக்குக் கொஞ்சம் மேலே. முட்டை வெளிவந்த பிறகு, அது வளர்ந்த பை வீணாகப் போவதில்லை. கார்பஸ் லூட்டியம் என்ற மஞ்சள் நிறத் திசுவாக மாறி, புரோஜெஸ்ட்ரானைச் சுரக்கத் தொடங்குகிறது. அந்த ஹார்மோன் மூளையில் உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் இடத்தில் வேலை செய்து, அளவை அரை டிகிரியிலிருந்து ஒரு டிகிரி வரை உயர்த்தி வைக்கிறது. கரு தங்காவிட்டால் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் அந்தத் திசு சுருங்கிவிடும், புரோஜெஸ்ட்ரான் இறங்கும், வெப்பநிலையும் இறங்கும், மாதவிடாய் வரும். கரு தங்கினால் அது அனுப்பும் எச்சிஜி ஹார்மோன் கார்பஸ் லூட்டியத்தைக் காப்பாற்றி வைக்கிறது, வெப்பநிலை இறங்குவதில்லை. இவ்வளவுதான் இதன் அடிப்படை.

இது புதிதாக வந்த செயலிகளின் கண்டுபிடிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த மகப்பேறு மருத்துவர் வான் டெ வெல்டே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, தினசரி எண்களைத் தாளில் புள்ளி வைத்து இணைத்தால் மாதத்தின் முன்பாதியில் தாழ்ந்தும் பின்பாதியில் உயர்ந்தும் இருக்கும் இந்தக் கோட்டைக் கருமுட்டை வெளிவருவதோடு சேர்த்துப் பார்த்துவிட்டார். 1930களில் ஜெர்மனியில் ஹில்லெபிராண்ட் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் இதைக் கருத்தடைக்கான வழியாகச் சொல்லித் தந்தார். ஜப்பானில் பெண்களுக்கென்றே தனி வெப்பமானி மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. நம் ஊரில்தான் காய்ச்சல் வந்தால் மட்டும் தெர்மாமீட்டரைத் தேடுவோம்.

நம் வீடுகளில் சூடு என்றாலே ஒரு பயம் வேறு. உடம்பில் சூடு அதிகம், அதனால்தான் தங்கவில்லை, வெந்தயம் ஊறவைத்துச் சாப்பிடு, வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி என்று சொல்லாத பெரியவர்கள் இல்லை. எண்ணெய்க் குளியல் சுகமானது, அதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஆனால் மாதத்தின் பின்பாதியில் ஏறும் இந்த அரை டிகிரியைப் பார்த்து உடம்பு சூடாகிவிட்டதே என்று பயந்து குளிர்ச்சிக்கு இளநீரும் நுங்குமாகத் தேடிய பெண்களை எனக்குத் தெரியும். அந்த ஏற்றம்தான் முட்டை வெளிவந்ததற்கான அடையாளம். அது ஏறாமல் ஒரே மட்டத்தில் மாதக்கணக்காக இருந்தால்தான் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சரி, எப்படிப் பார்ப்பது? இரண்டு தசம எண் காட்டும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்குங்கள், 97.42 என்பது போலக் காட்ட வேண்டும். பழைய கண்ணாடித் தெர்மாமீட்டரில் கோடுகள் 0.2 டிகிரி இடைவெளியில் இருக்கும், நாம் தேடும் ஏற்றமே அரை டிகிரி என்பதால் அது போதாது. தலையணை பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். கண் விழித்ததும், எழுந்து உட்காராமல், தண்ணீர் குடிக்காமல், யாரோடும் பேசாமல், நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும். தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில். அதற்கு முன்னால் தொடர்ச்சியாக மூன்று நான்கு மணி நேரமாவது தூங்கியிருக்க வேண்டும்.

எழுதும்போது எளிதாகத்தான் இருக்கிறது. கூட்டுக் குடும்பத்தில் இதைச் செய்வது வேறு கதை. எங்கள் வீட்டில் விடியும் முன்பே தண்ணீர் வந்துவிடும், மோட்டார் போட வேண்டும், பால்காரர் மணி அடிப்பார். வாயில் கருவியோடு படுத்திருந்த என்னைப் பார்த்து அத்தை "காய்ச்சலா கண்ணு?" என்று பதறிப்போய் நெற்றியில் கை வைத்தார். "இல்லைங்க அத்தை, மாசக் கணக்குக்குப் பார்க்கறேன்" என்று விவரமாகவே சொல்லிவிட்டேன். அதன் பிறகு நான் வெளியே வரும்வரை மோட்டாரை அவரே போட்டுக்கொண்டார். எல்லாருக்கும் இப்படிச் சொல்ல முடியாது, தெரியும். சொல்ல முடியாத வீட்டில் இருப்பவர்களுக்கு இரவில் கையில் கட்டிக்கொள்ளும் கடிகாரமும் மோதிரமும் வந்திருக்கின்றன. 2022இல் வந்த ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 8 தூக்கத்தில் மணிக்கட்டின் வெப்பநிலையை அளந்து கருமுட்டை வெளிவந்த நாளைப் பின்னோக்கிக் கணித்துச் சொல்லும். கவனியுங்கள், அவ்வளவு விலை கொடுத்தாலும் பின்னோக்கித்தான்.

ஒரு நாள் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. சளி, காய்ச்சல், முந்தின இரவு கரண்ட் போய்ப் புழுக்கத்தில் புரண்டது, ஊருக்குப் பேருந்தில் போய் அரைத்தூக்கத்தில் எழுந்தது, பாராசிட்டமால் போட்டது, எல்லாமே எண்ணை மாற்றும். அந்த நாட்களில் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி வைத்துவிட்டு அந்த எண்ணை ஒதுக்கிவிடலாம். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இரவு ஷிப்ட் மாறி மாறிப் பார்க்கும் பெண்களுக்கும், மருத்துவமனை நர்சுகளுக்கும், அமெரிக்க நேரத்துக்கு வேலை செய்யும் ஐடி பெண்களுக்கும் இந்தக் கோடு தெளிவாக வரவே வராது. அது அவர்கள் உடம்பின் குறை கிடையாது. அவர்கள் இதை விட்டுவிட்டு வேறு வழி பார்ப்பதுதான் நல்லது.

கோட்டைப் படிக்க ஒரு பழைய விதி உண்டு. முந்தைய ஆறு நாட்களின் எண்களைவிட அடுத்த மூன்று நாட்களின் எண்கள் தொடர்ந்து உயர்ந்து நின்றால், அந்த ஏற்றத்துக்குச் சற்று முன்னால் முட்டை வெளிவந்திருக்கிறது என்று கொள்ளலாம். மூன்றாவது நாள் வரை காத்திருந்தால்தான் உறுதியாகும், அதாவது நமக்கு உறுதியாகத் தெரியும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு முடிந்து போயிருக்கும். வெளிவந்த முட்டை 12 முதல் 24 மணி நேரம் வரைதான் உயிரோடு இருக்கும். விந்தணு பெண்ணின் உடலுக்குள் 5 நாள் வரை தாங்கும். அமெரிக்காவில் வில்காக்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், கருத்தரிப்புக்குக் காரணமான உறவெல்லாம் முட்டை வெளிவரும் நாளோடு முடியும் ஆறு நாட்களுக்குள்தான் நடந்திருந்தது. எண் ஏறட்டும் என்று காத்திருந்து அன்றைக்குச் சேர்பவர்கள் நல்ல நாட்களை எல்லாம் தவறவிடுகிறார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு வலிக்கும், ஏனென்றால் அவ்வளவு ஒழுங்காகத் தினமும் எழுதி வைப்பவர்கள்தான் இப்படித் தவறவிடுகிறார்கள்.

முன்கூட்டியே தெரிய வேண்டுமென்றால் வெள்ளைப்படுதலைக் கவனியுங்கள். முட்டை வெளிவருவதற்கு முந்தைய சில நாட்களில் அது நீர்த்து, முட்டை வெள்ளைக்கரு போல வழுவழுவென்று இழுபடும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பில்லிங்ஸ் தம்பதி மருத்துவர்கள் இதை வைத்தே ஒரு முறையை உருவாக்கினார்கள். காசு செலவில்லாத அடையாளம், நம்மில் பலர் இதை நோய் என்று நினைத்து மருந்து தேடுகிறோம். துர்நாற்றமோ அரிப்போ இருந்தால் அது தொற்றாக இருக்கலாம். இன்னொரு வழி, முட்டையை வெளிவரத் தூண்டும் எல்எச் ஹார்மோனைச் சிறுநீரில் பார்க்கும் ஓவுலேஷன் ஸ்ட்ரிப். எல்எச் உச்சத்துக்குப் போய் ஏறக்குறைய ஒன்றரை நாளுக்குள் முட்டை வெளிவரும். சினைப்பை நீர்க்கட்டி (பிசிஓஎஸ்) உள்ளவர்களுக்கு இந்த ஸ்ட்ரிப் சில சமயம் ஏமாற்றும், எல்எச் எப்போதுமே கொஞ்சம் கூடுதலாக இருக்கும் என்பதால். அங்கேதான் வெப்பநிலை கை கொடுக்கிறது. ஸ்ட்ரிப் காட்டிய பிறகு எண் ஏறியதா இல்லையா என்று பார்த்தால் முட்டை நிஜமாகவே வந்ததா என்று தெரிந்துவிடும். இதெல்லாம் எதுவும் வேண்டாம் என்றால், மாதவிடாய் முடிந்ததிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்வதே போதும். கணவன் மனைவிக்கு நடுவில் காலண்டர் வந்து உட்காராமல் இருப்பதும் ஒரு பெரிய விஷயம்.

மாதவிடாய் தொடங்கியதிலிருந்து 14ஆம் நாள் முட்டை வரும் என்று பள்ளிப் புத்தகத்திலிருந்து எல்லார் மனதிலும் பதிந்திருக்கிறது. அதே வில்காக்ஸ் குழு 2000இல் காட்டியது, சுழற்சியின் 10 முதல் 17 வரையான நாட்களுக்குள் கருத்தரிக்கும் காலம் முழுவதும் அடங்குவது ஏறக்குறைய 30 சதவீதப் பெண்களுக்குத்தான். என் கோட்டில் ஏற்றம் வந்ததெல்லாம் 20ஆம் நாளை ஒட்டித்தான். என் சுழற்சியே நீளமானது.

இதனால் எனக்குக் கிடைத்த பெரிய பலன் ஒன்று உண்டு. நாங்கள் போன ஒரு மருத்துவமனையில் 21ஆம் நாள் புரோஜெஸ்ட்ரான் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் அளவு மிகக் குறைவு, முட்டை வரவில்லை என்று எழுதி மாத்திரை தரப் பார்த்தார்கள். அந்தப் பரிசோதனை முட்டை வந்து ஏழு நாள் கழித்து எடுக்க வேண்டியது. 28 நாள் சுழற்சி உள்ளவர்களுக்கு அது 21ஆம் நாளில் விழும், அதனால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 20ஆம் நாள் முட்டை வரும் எனக்கு அடுத்த நாளே ரத்தம் எடுத்தால் என்ன தெரியும்? கோட்டைக் கொண்டு போய்க் காட்டினேன். வேறொரு மருத்துவர் அதைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, அடுத்த மாதம் எண் ஏறி ஒரு வாரம் கழித்து எடுக்கச் சொன்னார். முட்டை வந்திருப்பது அதில் தெளிவாகத் தெரிந்தது. உங்கள் சுழற்சி நீளமானதாக இருந்தால் இதை மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். நாம் கேட்டால் ஒன்றும் தப்பாக நினைத்துக்கொள்ள மாட்டார்கள், நினைத்தாலும் பரவாயில்லை.

இங்கே இன்னொரு விவரமும் சொல்ல வேண்டும். முட்டை வந்த பிறகு தாங்குவதற்கு என்று நிறையப் பேருக்கு மாத்திரை எழுதித் தருகிறார்கள். இயற்கைப் புரோஜெஸ்ட்ரானாகத் தரும் மருந்து தானாகவே வெப்பநிலையை ஏற்றி வைக்கும், கரு தங்காவிட்டாலும் எண் இறங்காது. டைட்ரோஜெஸ்ட்ரான் என்ற மாத்திரை அப்படி ஏற்றாது. ஆகவே மருந்து சாப்பிடும் மாதத்தில் பின்பாதிக் கோட்டைப் பார்த்து எதுவும் முடிவு செய்யாதீர்கள்.

அப்புறம் கணவரின் பரிசோதனை. வெப்பநிலைக் கோடு கருக்குழாய் அடைப்பைச் சொல்லாது, முட்டையின் தரத்தைச் சொல்லாது, விந்தணுவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது. மாதக்கணக்காக ஒரு பெண் விடியற்காலையில் எண் எழுதிக்கொண்டிருப்பாள், ஒரே ஒரு நாள் லேபுக்குப் போய் விந்துப் பரிசோதனை செய்துகொள்ள வீட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள். இதைவிட அநியாயம் வேறு இல்லை. எல்லாப் பரிசோதனையையும்விட எளிதானது, செலவு குறைந்தது, முதலில் செய்ய வேண்டியது அதுதான். பெண்ணுக்கு 35 வயதுக்குள் இருந்தால் ஒரு வருடம், அதற்கு மேல் என்றால் ஆறு மாதம் முயற்சி செய்தும் தங்கவில்லை என்றால் இருவருமாக மருத்துவரைப் பாருங்கள். மாதவிடாயே ஒழுங்காக வராதவர்கள் அதுவரை காத்திருக்கவும் வேண்டாம்.

இனி அந்த இரண்டு வாரம். எண் ஏறியதிலிருந்து மாதவிடாய் வரும் நாள் வரைக்குமான காத்திருப்பைத் தாண்டியவர்களுக்குத்தான் அதன் கனம் தெரியும். வீட்டில் யாராவது விசேஷம் உண்டா என்று ஜாடையாகக் கேட்கும்போது, காலையில் பார்த்த 97.9 மனதுக்குள் ஓடும். முட்டை வந்த ஏழாம் எட்டாம் நாளில் எண் ஒருநாள் சட்டென்று இறங்கி மறுநாள் ஏறினால், கரு கருப்பையில் ஒட்டிய அடையாளம் என்று சொல்வார்கள். அப்படி ஓர் இறக்கம் கருத்தரிக்காத மாதங்களிலும் வரும், கருத்தரித்த மாதங்களில் வராமலும் போகும். பின்பாதியின் நடுவில் ஈஸ்ட்ரோஜன் மறுபடி கொஞ்சம் உயர்வதால் வரக்கூடியது அது. இன்னும் ஒரு படி மேலே ஏறினால் உறுதி என்பதும் அப்படித்தான், நம்பி உட்கார முடியாது. மார்பு வலி, களைப்பு, வயிறு உப்புசம், மலச்சிக்கல் எல்லாம் புரோஜெஸ்ட்ரான் தரும் தொல்லைகள், கரு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வரும். மசக்கை தெரிய இன்னும் நாள் இருக்கிறது.

கரு ஒட்டுவதற்கே நேரம் எடுக்கும். வில்காக்ஸ் குழுவின் 1999ஆம் ஆண்டு ஆய்வில், நிலைத்த கருக்களில் 84 சதவீதம் முட்டை வந்த 8, 9, 10ஆம் நாட்களில் ஒட்டியிருந்தன. அதற்குப் பிறகுதான் எச்சிஜி சுரந்து சிறுநீரில் தெரியும். எனவே ஐந்தாம் நாளில் கர்ப்பப் பரிசோதனை ஸ்ட்ரிப் வாங்கிப் பார்ப்பது மனதை நோகடிக்கும் வேலை. நாள் தள்ளிப்போன பிறகு, காலை முதல் சிறுநீரில் பாருங்கள். முட்டை வெடிக்க எச்சிஜி ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு அந்த ஊசியே பத்து நாளுக்கு மேல்கூட ஸ்ட்ரிப்பில் கோடு காட்டலாம், மருத்துவர் சொன்ன தேதி வரை பொறுக்கத்தான் வேண்டும்.

வெப்பநிலை உண்மையிலேயே பயனுள்ள சேதி சொல்வது கடைசியில்தான். ஏறிய எண் இறங்காமல் 18 நாள் நின்றால், காய்ச்சலோ மருந்தோ காரணமாக இல்லாவிட்டால், கரு தங்கியிருக்க வாய்ப்பு மிக அதிகம். எனக்கு அப்படித்தான் தெரிந்தது. தேதி பார்த்து எதிர்பார்ப்பதைவிட இது நம்பகமானது, ஏனென்றால் சுழற்சி நீள்வது பெரும்பாலும் முன்பாதி நீள்வதால்தான். முட்டை தாமதமாக வந்த மாதத்தில் "நாள் தள்ளிப்போச்சு" என்று ஆசைப்பட்டு ஏமாறுவதை வெப்பநிலைக் கோடு தடுக்கும்.

அதற்கு முன்பு ஒரு மாதம் ஸ்ட்ரிப்பில் மங்கலாக இரண்டாவது கோடு வந்தது, எண் இறங்கியது, இரண்டு நாளில் மாதவிடாய் வந்துவிட்டது. அந்த மாதம் நான் நிறைய அழுதேன். 1988இல் வந்த ஓர் ஆய்வு, தினமும் சிறுநீரைச் சோதித்துப் பார்த்ததில், கண்டறிந்த கர்ப்பங்களில் 22 சதவீதம் மருத்துவ ரீதியாகத் தெரிவதற்கு முன்பே கலைந்துவிட்டதாகச் சொல்கிறது. முன்காலத்தில் அது "தள்ளி வந்தது" என்ற அளவில் போயிருக்கும். இன்றைக்கு நமக்குத் தெரிந்துவிடுகிறது, தெரிந்ததால் துக்கமும் சேர்ந்து வருகிறது. ஓடினதால், மாடி ஏறினதால், பப்பாளி சாப்பிட்டதால் போய்விட்டது என்று யார் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள். இவ்வளவு சீக்கிரம் கலைவதில் பெரும்பாலானவை கருவின் குரோமோசோம் கோளாறால் கலைபவை.

ஸ்ட்ரிப் உறுதியாகக் காட்டிவிட்டால் அன்றைக்கே தெர்மாமீட்டரை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். கர்ப்ப காலத்தில் காலை எண் சாதாரணமாகவே ஏறி இறங்கும், ஒருநாள் இறங்கியதற்குப் பயந்து உயிர் போகும். எண் உயர்ந்தே இருப்பது கரு சரியான இடத்தில் இருக்கிறது என்பதற்கும் அத்தாட்சி ஆகாது. கருக்குழாயில் தங்கியிருந்தாலும் எண் உயர்ந்துதான் இருக்கும். ஒரு பக்கமாகக் கடுமையான வயிற்று வலி, ரத்தக் கசிவு, தோள்பட்டை வலி, தலைசுற்றி மயக்கம் என்று எது வந்தாலும் கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எழுதி வைத்த தாளை மட்டும் கிழித்துப் போடாதீர்கள். முதல் ஸ்கேனுக்குப் போகும்போது கடைசி மாதவிடாய்த் தேதியைத்தான் கேட்பார்கள், 14ஆம் நாள் முட்டை வந்ததாக வைத்துக்கொண்டே வாரக் கணக்கும் பிரசவத் தேதியும் போடுவார்கள். என் கணக்குப்படி ஆறு வாரம் தாண்டியிருந்தும் ஸ்கேனில் கருப்பையில் சிறிய பை மட்டும்தான் தெரிந்தது, இதயத் துடிப்பு இல்லை. அறையில் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நான் போனில் எடுத்து வைத்திருந்த கோட்டைக் காட்டி, முட்டை வந்ததே ஒரு வாரம் தாமதம் என்று சொன்னேன். அப்படியென்றால் ஐந்து வாரம்தான் ஆகிறது, இப்போது துடிப்பு தெரியாதது இயல்புதான், பத்து நாள் கழித்து வாருங்கள் என்றார் மருத்துவர். பத்து நாள் கழித்துத் துடிப்பு தெரிந்தது. கருவின் நீளம் 7 மில்லிமீட்டரைத் தொடும் வரை துடிப்பு இல்லை என்பதை மட்டும் வைத்துக் கரு நிலைக்கவில்லை என்று முடிவு செய்யக் கூடாது என்பது மருத்துவ வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. ஆகவே முதல் ஸ்கேனுக்குப் போகும்போது இரண்டு தேதிகளையும் சொல்லுங்கள், கடைசி மாதவிடாய் தொடங்கியதையும் எண் ஏறியதையும். ஃபைலில் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள்.